வேலைக்குப் போகும் சைக்கிளுக்கு முதலில் பிரேமைப் பாருங்கள்

சிங்கப்பூரில் சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வர விரும்புகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கியர் எத்தனை, எடை எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அந்த இரண்டு கேள்விகளையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மட்கார்டும் கேரியரும் மாட்டுவதற்கான திருகுத் துளைகள் பிரேமில் இருக்கின்றனவா, டயருக்கும் பிரேமுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், பிரேக் எந்த வகை என்ற மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டயர், சீட், விளக்கு, கியர், ஏன் சக்கரத்தைக்கூடப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். பிரேமில் விடாத இடத்தைப் பின்னால் யாராலும் உண்டாக்கித் தர முடியாது.

ஆண்டு முழுவதும் ஓட்டுவதைப் பற்றிக் குளிர்நாட்டார் எழுதும்போது பனியையும் ஆணி பதித்த டயரையும் பற்றி எழுதுவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்குள்ள தொல்லைகள் மழை, வியர்வை, ஏழு மணி இருட்டு ஆகிய மூன்றுதான். இங்கே ஓர் ஆண்டில் சராசரியாகப் பெய்யும் மழை 2,100 மில்லிமீட்டரைத் தாண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் நின்று பெய்யும். ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடைப்பட்ட மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து வரும் பெருங்காற்று மழை, பெரும்பாலும் விடிவதற்கு முன்போ காலையிலோ, அதாவது நாம் வேலைக்குப் புறப்படும் நேரத்திலேயே, வந்து அடித்துவிட்டுப் போகும். மின்னல் வெட்டும்போது யாரும் சைக்கிளில் போகக்கூடாது. எங்காவது ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும். ஆனால் மழை விட்ட பிறகும் பாதை ஒரு மணி நேரத்துக்காவது ஈரமாகவே இருக்கும். நம்மை உண்மையில் நனைப்பது பெரும்பாலும் அந்த ஈரப் பாதைதான். அதனால்தான் மட்கார்டுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன்.

எடையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டாம் என்கிறேன் என்றால், நாம் ஓட்டும் பாதைகள் அப்படிப்பட்டவை. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிளோட்டப் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது சட்டம். 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து, பாதசாரிகளுக்கு மட்டும் என்று குறித்த பாதைகளில் சைக்கிள் ஏறவே கூடாது. தீவின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா மலையே 164 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்த வேகத்துக்கும் இந்தத் தரைக்கும் எட்டு கிலோ எடையுள்ள பந்தய சைக்கிள் தரும் லாபம் மிகக் குறைவு. அதே சைக்கிளில் 25 மில்லிமீட்டர் டயருக்கு மேல் இடமில்லாமலும் மட்கார்டுக்குத் துளை இல்லாமலும் போனால் வரும் நட்டம் மழைக்காலம் முழுவதும் தொடரும். எடை உண்மையிலேயே உறைப்பது மேம்பாலச் சரிவில் தள்ளிக்கொண்டு போகும்போதும், மடக்கு சைக்கிளைக் கையில் தூக்கும்போதும்தான்.

மடக்கு சைக்கிளைப் பற்றி முடிவெடுக்க, அது இரவில் எங்கே இருக்கப்போகிறது என்று யோசித்தால் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நிறுத்துமிடம் உண்டு. ஆனால் அங்கே மாதக்கணக்கில் நிற்கும் சைக்கிள்கள் என்ன கதியாகின்றன என்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வீட்டு வாசல் நடைவழியில் வைத்தால், தீப்பாதுகாப்புக்காக 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பழைய புளோக்குகளில் அதற்குமேல் மிஞ்சும் இடம் குறைவு. வீட்டுக்குள் வைக்க வேண்டியவர்களும், பாதி வழி எம்ஆர்டி ரயிலில் போகிறவர்களும் மடக்கு சைக்கிள் வாங்குவதே சரி. ரயிலில் ஏற்ற வேண்டுமானால் மடக்கிய பின் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கடையிலேயே மடக்கி, அளவுநாடா வைத்துப் பார்த்துவிடுங்கள். 16 அங்குலச் சக்கரமுள்ள பிராம்ப்டன் மிகச் சிறிதாக மடங்கும். 20 அங்குலச் சக்கரம் கொண்ட டாஹோன், டெர்ன் வகைகள் ஓட்டுவதற்கு இன்னும் நிதானமாக இருக்கும். ஆனால் 20 அங்குலம் என்ற ஒரே பெயரில் 406, 451 மில்லிமீட்டர் என்று இரண்டு ரிம் அளவுகள் விற்கின்றன. வேலைக்குப் போகும் சைக்கிளுக்கு 406தான் நல்லது. அகலமான டயர்கள் அந்த அளவில்தான் நிறையக் கிடைக்கின்றன.

மடக்க வேண்டிய தேவை இல்லாதவர்களுக்கு நேரான ஹேண்டில்பாரும் 700சி என்ற பெரிய அளவுச் சக்கரமும் உள்ள, பந்தய சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஹைபிரிட் சைக்கிளைத்தான் நான் சொல்வேன். கடையில் நிற்கும்போதே பின்சக்கர அச்சுக்கு அருகில் குனிந்து பாருங்கள். பிரேமின் இரு பக்கமும் மறை போட்ட துளைகள் இரண்டிரண்டாக இருந்தால் ஒன்றில் மட்கார்டையும் மற்றொன்றில் கேரியரையும் தனித்தனியாக முடுக்கலாம். ஒவ்வொன்றுதான் இருந்தால் இரண்டின் கம்பிகளையும் ஒரே திருகில் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும், அது சீக்கிரம் தளரும். பிறகு டயருக்கு மேலே விரலை விட்டுப் பாருங்கள். ஒரு விரல் தாராளமாக நுழைந்தால்தான் மட்கார்டு போட்ட பிறகும் சேறு அடைக்காமல் சக்கரம் சுழலும்.

மட்கார்டு முழு நீளமாக இருக்க வேண்டும். சீட்டுக்கடியில் மாட்டும் சிறு தகடு முதுகை மட்டும் காக்கும். காலையும் செயினையும் காக்காது. முன்சக்கரம் வாரி இறைக்கும் நீர்தான் காலணிக்குள் போகிறது, பெடல் அச்சின் பேரிங்கையும் கெடுக்கிறது. ஆகவே முன்மட்கார்டின் கீழ்நுனி தரையை நெருங்கி இறங்கியிருக்க வேண்டும். கடையில் வரும் மட்கார்டுகள் பெரும்பாலும் அங்கே குட்டையாக இருக்கும். ரப்பர்த் துண்டு ஒன்றைக் கை அகலத்துக்கு வெட்டி, இரண்டு துளையிட்டுக் கீழ்நுனியில் திருகிவிட்டால் காலணி நனைவது பெருமளவு நின்றுவிடும். இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரும் மாற்றம் சைக்கிளில் வேறு எதுவும் இல்லை என்று நான் நம்புகிறேன்.

டயரைப் பொறுத்தவரை 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் நம் பாதைகளுக்கு மிகப் பொருத்தம். ரயில் ஓட்டம் 2011இல் நின்ற பிறகு பசுமைப் பாதையாக மாறிய 24 கிலோமீட்டர் ரயில் பாதையின் மண்ணும் சரளையும் கலந்த பகுதிகளிலும் அந்த அகலம் தடுமாறாமல் போகும். ஸ்வால்பே மாரத்தான் போன்ற, உள்ளே தடித்த காப்புப் பட்டை வைத்த டயர்கள் கொஞ்சம் கனமானவை; ஆனாலும் அலுவலகத்துக்கு நேரத்தோடு போக வேண்டியவருக்குப் பஞ்சர் குறைவதுதான் பெரிது. எந்த டயர் போட்டாலும் ஈரத்தில் மூன்று இடங்களில் வழுக்கும்: சாலையில் வெள்ளையும் மஞ்சளுமாகத் தீட்டிய கோடுகள், சாக்கடை மூடிகள், கட்டுமான இடங்களுக்கு முன்னே போட்டிருக்கும் இரும்புத் தகடுகள். அவற்றின் மேல் நேராகப் போக வேண்டும். அங்கே வளைக்கவோ பிரேக் பிடிக்கவோ கூடாது.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் புளோக்குக்கு அருகில் நடந்த கட்டுமான வேலைக்குப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவர் ஒரு மழைக்கால மாலையில் தம் சைக்கிளை நிறுத்தி, “அண்ணே, முன் பிரேக்கு பிடிக்கவே மாட்டேங்குது, சத்தம் மட்டும் வருது” என்றார். சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் கட்டையைத் திருப்பிப் பார்த்தோம். ரப்பருக்குள் மணலும், ரிம்மிலிருந்து சுரண்டி எடுத்த அலுமினியத் துணுக்குகளும் பளபளவென்று பதிந்திருந்தன. கட்டை நாளுக்கு நாள் அரம்போல ரிம்மை அராவிக்கொண்டிருந்தது. துணுக்குகளை ஊசி முனையால் நெம்பி எடுத்து, கட்டையின் முகத்தை உப்புத்தாளில் தேய்த்து, ரிம்மைத் துடைத்து மாட்டியதும் அந்தச் சத்தம் போய்விட்டது. இப்படிக் கட்டை ரிம்மையே பிடிக்கும் ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இதைச் செய்தே ஆக வேண்டும். ரிம்மின் ஓரம் குழிந்து தேய்ந்துவிட்டால் காற்றழுத்தத்திலேயே அது விரிந்து உடையும் அபாயம் உண்டு. அச்சருகே உள்ள தனித் தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கில் இந்தத் தேய்மானம் ரிம்முக்கு வராது. ஈரத்திலும் பிடி உடனே கிடைக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் டிஸ்க் பிரேக் உள்ளதையே வாங்குங்கள். பிரேமிலும் முன் போர்க்கிலும் டிஸ்க்குக்கான பிடிமானம் இல்லையென்றால் பின்னால் மாற்றுவது நடக்காத காரியம்.

நம் ஊரில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய காலை ஏழு மணிக்கு எழுந்து மாலை ஏழு மணிக்கு விழுகிறது. தீவின் தீர்க்கரேகைப்படி இது கொஞ்சம் தாமதம்தான். 1982 தொடங்கியபோது கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளி வைத்ததும் அதற்கு ஒரு காரணம். இதனால் ஆறரைக்குப் புறப்பட்டு ஏழரைக்குத் திரும்புகிறவர்களுக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. விளக்கு இல்லாமல் இருட்டில் ஓட்டுவது சட்டப்படியும் குற்றம். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்று இரண்டையும் சைக்கிளோடு நிலையாகப் பொருத்திவிடுவதே நல்லது. கழற்றி மாட்டும் விளக்கு ஒருநாள் மேசையில் மறந்துபோகும், இன்னொரு நாள் சார்ஜ் தீர்ந்துபோகும். செலவு செய்ய முடிந்தவர்கள் முன்சக்கர அச்சிலேயே மின்சாரம் உண்டாக்கும் ஹப் டைனமோவைப் போடுங்கள். என் கணக்கில் பணம் போட வேண்டிய மேம்பாடுகளில் முதலிடம் அதற்குத்தான். இணைப்புப் பாதையில் விளக்கைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் எதிரே நடந்து வரும் பெரியவர்களின் கண் கூசாது. சாலையில் இறங்கினால் தலைக்கவசமும் வேண்டும். 2019 பிப்ரவரி முதல் அது கட்டாயம்.

வியர்வையைச் சமாளிக்க, பையை முதுகிலிருந்து இறக்கிக் கேரியரின் பக்கவாட்டில் மாட்டுங்கள். சட்டை பாதி நனைவது அதிலேயே குறையும். வியர்வையின் உப்பு சைக்கிளுக்கும் கெடுதல்: அது ஹேண்டில்பாரிலிருந்து சொட்டி, கழுத்துப் பகுதித் திருகுகளைத் துருப்பிடிக்க வைக்கும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வழியாகப் போகிறவர்களுக்குக் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். உயரழுத்தக் குழாயை நீட்டி அடித்தால் பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். இரும்புப் பிரேமும் அலுமினிய சீட் கம்பியும் இருந்தால் அந்தக் கம்பியை அவ்வப்போது உருவிக் கிரீஸ் தடவி வையுங்கள். விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாக இறுகி, பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

செயினை மழைக்குப் பிறகு துடைத்து எண்ணெய் விட வேண்டும். விட்ட எண்ணெயில் மேலே நிற்பதை மறுபடி துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மணல் ஒட்டும். தேய்மானத்தைப் பார்க்க இரும்பு ஸ்கேல் ஒன்று போதும். புதிய செயினில் கண்ணிகளை இணைக்கும் ஒரு முளையின் நடுவிலிருந்து அதற்கடுத்த 24ஆவது முளையின் நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்கும். அந்த முளை 12 அங்குலக் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நகர்ந்துவிட்டால் செயினை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்து செலவு பெருகும். இந்த வேலையே வேண்டாம் என்கிறவர்களுக்கு, கியர்கள் பின்சக்கர அச்சுக்குள் மூடியிருக்கும் ஷிமானோ நெக்சஸ் போன்ற ஹப் கியர் நல்ல மாற்று. பின்சக்கரத்தில் பஞ்சரானால் கழற்றுவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பது அதன் குறை. செயினுக்குப் பதில் பெல்ட் போட விரும்பினால், அதை உள்ளே நுழைக்கப் பிரேமின் பின்பக்கம் திறக்கக்கூடிய ஒரு பிரிவு இருக்க வேண்டும். பெல்ட்டைச் செயினைப்போல் அறுத்துக் கோக்க முடியாது.

மின்சைக்கிளாக மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண சைக்கிளில் மோட்டார் பொருத்துவது இங்கே மேம்பாடு ஆகாது, சட்டமீறல் ஆகும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் முத்திரையும் பதிவெண் பலகையும் உள்ள மின்சைக்கிளுக்கு மட்டுமே அனுமதி. மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும். ஓட்டுநர் 2022 முதல் எழுத்துத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். நடைபாதையில் அதை ஓட்டவே கூடாது. உங்கள் வழியில் நடைபாதைத் துண்டு ஏதும் இருந்தால் வாங்குவதற்கு முன் அதை எண்ணிப் பாருங்கள்.

புதியது வாங்கியபின் பழைய சைக்கிளைத் துவாஸிலோ ஜூரோங்கிலோ வேலை செய்யும் நம் தம்பிமார்களுக்குக் கொடுக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். கனரக லாரிகளுக்கு இடையே விடியலிலும் இரவிலும் மழையென்று பாராமல் ஓட்டுகிறவர்கள் அவர்கள்தான். அப்படிக் கொடுக்கும்போது நான்கு பிரேக் கட்டைகளையும் புதிதாக மாற்றி, முன்னும் பின்னும் விளக்கு பொருத்தி, ஒரு தலைக்கவசமும் சேர்த்துக் கொடுங்கள்.