உயிரோடு இருக்கிறவங்களா, இறந்தவங்களா?

அம்மா இறந்து ஒரு வருடம் முடிகிற வாரத்திலாவது புனித தேவசகாயம் உயிர் விட்ட காற்றாடி மலைக்குப் போயே ஆக வேண்டும் என்று சித்தி ஒற்றைக்காலில் நின்றார். அம்மா நேர்ந்துகொண்ட நேர்ச்சை ஒன்று பாக்கி இருந்தது. பீரோவின் அடித்தட்டில், பழைய வாயில் சேலைத் துண்டில் சுற்றிப் பன்னிரண்டு மெழுகுதிரிகளை எண்ணி வைத்திருந்தார் அம்மா. திரிகள் லேசாக மஞ்சள் பூத்துவிட்டன. என் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருடம் நேர்ந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் பாஸாகி, கல்லூரிக்கும் போய்விட்டாள். அப்புறம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. நேர்ச்சைக் கடனைக் கல்லறைக்குக் கொண்டு போகக் கூடாது என்பார் சித்தி. சரி, அம்மாவுக்காகப் போய் வருவோம் என்று கிளம்பினேன். எனக்கென்று கேட்க எதுவும் மனதில் இல்லை. உண்மையைச் சொன்னால், மூன்று வருடமாகவே நான் எதையும் கேட்டு செபிப்பதில்லை. செபமாலை கையில் ஓடும், மனசு வேறெங்கோ இருக்கும்.

விடிவதற்கு முன்னே வேன் கிளம்பியது. வள்ளியூர் தாண்டும்போது வெளிச்சம் வந்தது. பணகுடி, காவல்கிணறு கடந்ததும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஆடி மாதம் வேறு. ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று வேனையே ஒரு பக்கமாகத் தள்ளியது. பின்சீட்டில் சித்தி செபமாலையின் மகிமை தேவ ரகசியங்கள் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியை. புனிதரை இன்றைக்கும் 'தேவசகாயம் பிள்ளை' என்றுதான் சொல்வார். 2012 டிசம்பர் 2, நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது அம்மாவும் சித்தியும் கூட்டத்தில் நின்று பார்த்தவர்கள். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்ததை அம்மா டிவியில்தான் பார்த்தார். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ரோமில் நிற்பது போலவே முழங்காலில் இருந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனது தப்பு. மலையடிவாரத்தில் வண்டிகளைக் கண்டபடி நிறுத்தியிருந்தார்கள். கையில் மாலையும் மெழுகுதிரியுமாக ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்தார். நாங்கள் கொண்டு வந்திருக்கிறோம் என்று சேலைத் துண்டைத் திறந்து காட்டிய பிறகும், "இது பழசும்மா, ஏத்தினா பலன் இல்லை" என்கிறார். அம்மா எண்ணி வைத்த திரியைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மேலே போனால், ஒரு மனிதர் சுடப்பட்டு உயிர் விட்ட இடத்தில் வரிசையாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பாட்டி முழங்காலிட இடம் இல்லாமல் ஓரமாக நிற்கிறார். படம் எடுப்பதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டிக்கு இரண்டடி தள்ளி நின்று வழி விட்டிருக்கலாம்.

படி ஏறும்போது சித்திக்கு மூச்சு வாங்கியது. நடுவில் ஒரு நிழலில் உட்கார்ந்தோம். "இவரை எருமை மேல பின்பக்கமாத் திருப்பி உக்கார வச்சு ஊர் ஊராக் கொண்டு போனாங்க. அடிச்ச புண்ணுல மிளகுப்பொடி. நமக்கு இந்தப் படி ஒரு படியா?" என்றார், மூச்சுக்கு நடுவே.

நான் செபிப்பதை நிறுத்தக் காரணமான என் தோழியைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். சின்ன வயதிலிருந்து ஒரே பாடற்குழுவில் பாடினோம். என் மகளுக்கு ஞானத்தாய் அவள்தான். ஞானஸ்நான போட்டோவில் குழந்தையைக் கையில் வைத்திருப்பவள் அவள், நான் பக்கத்தில் நிற்கிறேன். ஒரு தவக்காலத்தில் அழுதுகொண்டு வந்தாள். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அது போதவில்லை என்று அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியையும் அடகு வைக்கக் கொடுத்தேன். அம்மாவிடம் கேட்டுத்தான் கொடுத்தேன். அம்மா கழுத்திலிருந்து கழற்றும்போது கொக்கி மாட்டிக்கொண்டது, அவளே குனிந்து பல்லால் கடித்துக் கழற்றிவிட்டாள். அந்தக் காட்சி மட்டும் மறக்கவே இல்லை. ஆறு மாதத்தில் ஊரை விட்டுப் போய்விட்டாள். கடன் என் தலையில் விழுந்தது, சங்கிலி ஏலத்துக்குப் போனது. பணம் போனதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டேன். நான்தான் வட்டிக்கு ஆசைப்பட்டுக் கொடுத்தேன் என்று அவள் நாலு பேரிடம் சொல்லியிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் இரவு செபத்தின் முடிவில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி மன்றாடுவது அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம். அதிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன். "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்கிற இடம் வரும்போது, மற்றவர்கள் சொல்லட்டும் என்று நான் வாயை மூடிக்கொள்வேன். பொய் சொல்ல வேண்டாமே என்று. அம்மா அதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாளும் கேட்டதில்லை. வெறும் கழுத்தோடு பூசைக்கு வந்து போனார். சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உச்சியில், புனிதர் முழங்காலிட்டுச் செபித்த தடங்கள் என்று காட்டுகிற பாறையைச் சித்தி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 1752 ஜனவரி 14. சுடுவதற்கு முன் செபிக்கக் கொஞ்ச நேரம் கேட்டாராம். அவர் உயிர் போன நேரத்தில் மணி போல ஒலித்தது என்கிற பாறையைச் சிறு கல்லால் ஆளுக்கு ஆள் தட்டிக்கொண்டிருந்தார்கள். நிஜமாகவே கணீர் என்கிறது. மெழுகுதிரி ஏற்றப் போனோம். காற்று விடவில்லை. ஒன்றை ஏற்றி அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது அணைந்துவிடும். தீப்பெட்டி பாதி காலி. கைகளைக் குவித்துக்கொண்டு நான் மறைக்க, சித்தி ஏற்ற, மெழுகு என் கட்டைவிரல் மேல் சொட்டிச் சூடாக வழிந்தது. "சித்தி, அவதான் பாஸாகிட்டாளே, மாதாவுக்குத் தெரியாதா? கீழ வச்சுட்டுப் போயிடலாம்" என்றேன் எரிச்சலில்.

சித்தி தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எம்மா, அக்கா இதை உன் மகளுக்காக நேரல. உனக்காக நேர்ந்தா. என் பிள்ளை அந்தப் பேரை மறுபடி வாயால சொல்லி செபிக்கணும், அன்னைக்கு மலையேறிப் பன்னிரண்டு திரி ஏத்துறேன்னு நேர்ந்தா. அதுக்குள்ள அவ போயிட்டா."

காற்றின் இரைச்சலில் முதலில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டது. சங்கிலியைப் பறிகொடுத்தவர் அம்மா. கோபப்பட முதல் உரிமை அவருக்குத்தான். அவர் சங்கிலிக்காக நேரவில்லை, எனக்காக நேர்ந்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில், பாறை மேல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் ஓடி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான். சற்று முன் அவர்களைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

சித்தி என்னைச் சமாதானப்படுத்தவில்லை. வகுப்பெடுக்கிற குரலில் பேச ஆரம்பித்தார். தேவசகாயம் ஞானஸ்நானத்துக்கு முன் நீலகண்டனாக இருந்தபோது ஆடுமாடு, பயிர் என்று வரிசையாக நஷ்டப்பட்டு நொந்திருந்தார்; அவருக்குத் திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் சொன்னது, பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதை. அதைக் கேட்டுத்தான் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினார். இதெல்லாம் எனக்கும் தெரியும். "யோபுவுக்கு இழந்தது எப்பத் திரும்பக் கிடைச்சுது, சொல்லு" என்றார். தெரியவில்லை. "கடைசி அதிகாரம். அவரைக் குத்திக் குத்திப் பேசின நண்பர்களுக்காக அவர் மன்றாடினப்போ. அதுக்கு முன்னாடி இல்ல." அப்புறம் பெருவிளையில் இவரை வேப்ப மரத்தில் கட்டி வைத்த கதை. காவலிருந்த ஆராச்சாருக்கு, அதாவது மரண தண்டனை நிறைவேற்றுகிறவருக்கு, பிள்ளை இல்லையாம். தன்னைக் கொல்ல வேண்டிய கைக்கு இவர் வேப்பிலையைக் கொடுத்து ஆசீர்வதித்தாராம், குழந்தை பிறந்ததாம். சித்தியின் பாட்டி சொல்லி அவருக்குத் தெரியும்.

மீதித் திரிகளை எடுத்துக்கொண்டு கோட்டாறு போனோம். சவேரியார் பேராலயத்தில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அங்கே காற்று இல்லை. அன்றைக்கு ஒப்புரவுக்கு, பாவசங்கீர்த்தனம் கேட்க, ஒரு வயதான சாமியார் உட்கார்ந்திருந்தார். மூன்று வருடத்தையும் கொட்டினேன். மன்னித்தேன் என்று சொல்லிவிட்டால் அவள் செய்தது ஒன்றுமில்லை என்று ஆகிவிடாதா, அதுதான் சாமி என் தடை என்றேன். மத்தேயு நற்செய்தி பதினெட்டாம் அதிகாரம் ஞாபகம் இருக்கிறதா என்று அவர் கேட்டார். பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட பணியாளன், தன் தோழனை நூறு தெனாரியத்துக்காகக் கழுத்தை நெரித்த கதை. "நூறு தெனாரியம் எவ்வளவு தெரியுமாம்மா? ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. நூறு நாள் கூலி சின்னத் தொகையா? ஆண்டவர் அதைச் சின்னக் கடன்னு எங்கேயும் சொல்லல. வலிச்சது நிஜம். அதை நிஜம்னு வச்சுக்கிட்டுத்தான் மன்னிக்கச் சொல்றார்." சிறு வயதிலிருந்து கேட்ட உவமை. நூறு தெனாரியம் என்றால் சில்லறை என்றே நினைத்திருக்கிறேன். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: மன்னிப்பது என்றால் மறுபடி போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று அர்த்தமில்லை, அவளுக்குக் கெட்டது நடக்க வேண்டும் என்று காத்திருப்பதை விட்டால் போதும், அங்கிருந்து ஆரம்பி.

நான் காத்திருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது?

பூசைக்கு எழுதிக் கொடுக்க மேஜைக்குப் போனேன். அம்மா பெயரை ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று எழுதினார்கள். அடுத்து, என்றேன். "பேரு சொல்லுங்க." சொன்னேன். மூன்று வருடத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த பெயர். தொண்டையில் முள் மாதிரி இருந்தது. எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

"உயிரோடு இருக்கிறவங்களா, இறந்தவங்களா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பேனா முனை நோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. பின்னால் வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். அவள் எங்கே இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், உடம்பு எப்படி இருக்கிறது, ஒன்றும் எனக்குத் தெரியாது. என் மனதில் அவளை எப்போதோ அடக்கம் செய்து மண்ணும் போட்டு மூடிவிட்டேன். அம்மா நேர்ந்தது எதற்கு என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது.

"உயிரோடுதான் இருக்கா" என்றேன். "நன்மைக்காகன்னு போடுங்க."

நோட்டில் அம்மா பெயருக்குக் கீழே அவள் பெயர். அடுத்தடுத்த வரி.

பூசையில் சாமியார் கருத்துகளை வாசித்தார். யார் யாரோ பெயர்கள், சுகம் வேண்டி, நன்றியாக. நடுவில் அம்மா. அடுத்து அவள். சாதாரணமாக, மற்றப் பெயர்களைப் போலவே வாசித்துவிட்டுப் போய்விட்டார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கூட்டத்தோடு நானும் சொன்னேன். பரலோக மந்திரத்தில் அந்த இடம் வந்தது. சித்தி ஓரக்கண்ணால் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். குரல் உடைந்தது, ஆனால் சொன்னேன்.

கல்லறைக்கு முன்னால் மீதித் திரிகளை ஏற்றினோம். எல்லாம் ஒரே குச்சியில் பற்றின. பழசு, பலன் இல்லை என்றாரே, அம்மா தொட்டு வைத்த அந்தத் திரிகள் ஆடாமல் அசையாமல் நின்று எரிந்தன. புனித தேவசகாயமே, என் தாயின் நேர்ச்சையை ஒரு வருடம் கழித்தாவது வாங்கிக்கொண்டீரே, உமக்குக் கோடி நன்றி. என் ஆண்டவரே, அடிக்காமல், தண்டிக்காமல், என் அம்மாவின் பீரோவிலிருந்து என்னைக் கூப்பிட்டீரே. மாதாவே, வெறும் கழுத்தோடு உம் முன்னால் முழங்காலிட்ட என் தாயை உம் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். நான் என்ன தகுதி பார்த்து இதைக் கேட்டேன்? கேட்கவே இல்லையே. கேட்டது அம்மா.

மனசு முழுக்கச் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. திரும்பி வரும் வழியில், வள்ளியூர் பக்கம், அந்தச் சங்கிலியும் கொக்கியும் நினைவுக்கு வந்து நெஞ்சு ஒரு முறை எரிந்தது. எழுபது தடவை ஏழு முறை மன்னி என்று ஆண்டவர் சொன்னது ஒரே ஆளுக்கு, ஒரே காயத்துக்குக்கூட இருக்கலாம் போல. வேனிலேயே ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன், அவள் பெயரைச் சொல்லி. எரிச்சல் கொஞ்சம் இறங்கியது. கட்டைவிரலில் காய்ந்திருந்த மெழுகை வீடு வரும்வரை உரித்து எடுக்கவில்லை.

அன்றிரவு மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். இரவு செபம் முடிகிற நேரம். அப்பா, அம்மா, மாமா, பெரியம்மா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்புறம் அவள் ஞானத்தாயின் பெயரைச் சொன்னேன். மகள் சட்டென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் அடுத்த பெயருக்குப் போனேன்.