"நீங்களே சொல்லுங்கம்மா"

விதிப்படி நான் சொன்னது சரிதான். நோயாளியை வற்புறுத்தக் கூடாது, ஆசை காட்டவும் கூடாது என்பது டிரையலில், அதாவது மருந்துப் பரிசோதனையில், என்னைப் போல வேலை பார்ப்பவர்களுக்கு முதல் பாடம். அன்று ஒரு பெரியவரிடம் நான் விளக்கியது நுரையீரல் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்டப் பரிசோதனை; புது மருந்தை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. யாருக்குப் புது மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்பதைக் கணினிதான் தீர்மானிக்கும். இரண்டாவது பிரிவில் விழுந்தால், ஊர்ப் பக்கமே கிடைக்கிற அதே மருந்துக்காக அந்தப் பெரியவர் அவ்வளவு தூரம் வந்து போக வேண்டும். எதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, சேரலாமா?" என்றார்.

"அதை நான் சொல்லக் கூடாதுங்கய்யா."

ஒப்புதல் படிவத்தை மூடி என் பக்கம் தள்ளினார். "அப்ப வேணாம்மா."

அவர் மறுத்தது எனக்கு உறுத்தல் இல்லை, அது அவர் உரிமை. ஆனால் விவரம் தெரிந்த குடும்பங்கள் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், தெரிந்த டாக்டரிடம் விசாரித்து, இணையத்தில் தேடிவிட்டு வருவார்கள். நான் ஒதுங்கி நிற்பது அவர்களுக்கு நல்லது. இவருக்கு யோசனை கேட்க இருந்த ஒரே ஆள் நான்தான். நான் ஒதுங்கியது அவர் காதில் 'வேண்டாம்' என்றே விழுந்திருக்கும்.

அதற்காக 'சேருங்க' என்று சொல்லியிருக்க முடியுமா? புது மருந்து மேலானதா என்று யாருக்கும் தெரியாததால்தான் பரிசோதனையே நடக்கிறது. என் வார்த்தையை நம்பிச் சேர்ந்து, பக்க விளைவோடு ராத்திரியில் ஊரில் தவித்தால்? முடியாது. இன்றும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

'எதுக்குங்கய்யா தயங்குறீங்க?' என்று கேட்டிருக்கலாமோ என்றும் தோன்றும். கேட்டிருந்தால் பயணம் என்றுதான் சொல்லியிருப்பார். அதற்கும் என்னிடம் பதில் கிடையாது. மருந்து ஏற்றாத வாரத்திலும் வெறும் ரத்த டெஸ்டுக்கு வந்தாக வேண்டும். பக்கத்து ஊர் லேப் முடிவை எங்கள் புரோட்டோகால், அதாவது பரிசோதனைக்கான எழுத்து விதிமுறை, ஏற்காது. இத்தனைக்கும் 2020இல் கொரோனா வந்தபோது பல டிரையல்களில் ரத்தத்தை உள்ளூரிலேயே கொடுக்கலாம், டாக்டர் வீடியோவில் பார்க்கலாம், மாத்திரையை வீட்டுக்கே அனுப்பலாம் என்று தளர்த்தினார்கள். முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இப்படியே விட்டால், பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பவர்களிடம் மட்டும் சோதித்த மருந்தை நாளைக்கு எல்லோருக்கும் எழுதிக் கொடுப்போம்.

அடுத்த டிரையலுக்கு மருந்து நிறுவனம் அனுப்பிய கேள்வித்தாளில் எத்தனை பேரைச் சேர்க்க முடியும் என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. இடைப்பட்ட வாரத்து ரத்த டெஸ்டை உள்ளூர் லேபில் அனுமதிக்க வேண்டும் என்று கீழே எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. அனுமதி வந்தாலும் அலைச்சல்தான் குறையும். இன்னொருவர் வந்து உட்கார்ந்து "நீங்களே சொல்லுங்கம்மா" என்றால் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.