புரட்டாசி முடியுமுன் கண்மாயைச் சுற்றி வந்துவிடுங்கள்

செட்டிநாட்டுப் பக்கம் பேரிடர் என்றால் பேச்சு புயலுக்குத்தான் போகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறி, புதுக்கோட்டையைப் புரட்டிப்போட்டுவிட்டு சிவகங்கை மாவட்டத்துக்குள்ளும் வந்து மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துப்போட்டதால் அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் புயலே வராத வருஷத்திலும் நம் ஊர்களை மூழ்கடிக்கக்கூடியது கண்மாய், அதாவது பாசன ஏரி. அரசு இயந்திரத்தின் முன்னேற்பாடு சறுக்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

காரணம், ஒரே தண்ணீருக்குப் பல சொந்தக்காரர்கள். 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கிறது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருணி கிராம ஊராட்சியிடம். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் புறம்போக்கு வருவாய்த் துறைக் கணக்கில். வரத்துக்கால் சாலையைக் கடக்கும் இடத்தில் உள்ள பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ ஒன்றியத்துடையதாகவோ இருக்கும். தண்ணீர் இந்தக் கணக்கைப் பார்த்து ஓடுவதில்லை. மேல்கண்மாய் நிறைந்து, உபரி நீர் வழியும் கலுங்கு பாய்ந்தால் அதுவே கீழ்க்கண்மாய்க்கு வரத்து. மேலே ஒரு கரை உடைந்தால் கீழே உள்ள கண்மாய்கள் வரிசையாகத் திணறும். ஆகவே ஒரு கண்மாயை மட்டும் பார்த்து "தயார்" என்று எழுதும் அறிக்கையால் பயனில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரு தொடர் முழுவதையும், இத்தனை துறைக்காரர்களும் ஒன்றாக, ஒரே நாளில் நடந்து பார்க்க வேண்டும். வட்டாட்சியர் கூப்பிட்டால் எல்லோரும் வருவார்கள். நில அளவைப் புலப்படத்தோடு கிராம நிர்வாக அலுவலரும், வாய்க்கால் போக்குத் தெரிந்த நீர்ப்பாய்ச்சியும் கட்டாயம் கூட வர வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை விழுந்தால் 1 லட்சம் கன மீட்டர், அதாவது 10 கோடி லிட்டர். பாதி மண்ணில் இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மீதிப் பாதி 12 மணி நேரத்தில் வடிந்தால் நொடிக்கு சுமார் 40 கன அடி. இதைச் சாலைக்கு அடியில் புதைத்த ஒரு அடி விட்டமுள்ள சிமெண்ட் குழாய் விடுமா? அதிகம் போனால் ஐந்தாறு கன அடிதான் விடும். மீதி சாலைமேல் ஏறும், அல்லது பக்கத்துத் தெருவுக்குள் போகும். புதிதாகச் சாலை போடும்போதெல்லாம் பழைய கல்பாலத்தை எடுத்துவிட்டு ஒற்றைக் குழாய் வைத்து மூடும் பழக்கம் பரவியிருக்கிறது. இத்தகைய வரத்துக்குக் குறைந்தது மூன்றடிக் குழாய் வேண்டும், அதுவும் உள்ளே சீமைக்கருவேலத் தூர் அடைக்காமல் இருந்தால். வானிலை மையம் மிகக் கனமழை என்று சொல்வது 24 மணி நேரத்தில் 11.56 முதல் 20.44 செ.மீ. வரை. மேலே போட்ட கணக்கு அதற்கும் கீழே உள்ள மழைக்கானது.

அடுத்து கலுங்கு. பழைய கலுங்குகளின் மேல் வரிசையாக நட்ட கற்கள் நிற்கும். மழைக்காலம் ஓய்ந்த பிறகு அந்தக் கற்களுக்கு இடையே மண்ணும் புல்கட்டியும் வைத்து அடைத்து இன்னும் கொஞ்சம் நீர் தேக்குவது காலங்காலமாக உள்ள முறை. மார்கழிக் கடைசியில் அது புத்திசாலித்தனம். ஐப்பசியில் அதுவே கரைக்கு எமன். போன வருஷம் அடைத்த அடைப்பு எடுக்கப்படாமலே இருக்கும், அதன்மேல் புதர் முளைத்துக் கெட்டியாகியிருக்கும். கலுங்கின் மேல் ஒரு அடி உயரத்துக்கு நீர் போனால் பத்தடி நீளத்தில் நொடிக்கு சுமார் 30 கன அடி வெளியேறும். கலுங்கின் நீளத்தில் பாதி அடைந்திருந்தால் அதே அளவு வெளியேற நீர்மட்டம் ஒன்றரை அடிக்கு மேல் ஏற வேண்டும். அந்தக் கூடுதல் அரையடிதான் கரையின் தாழ்ந்த இடத்தில், மாட்டு வண்டியும் டிராக்டரும் ஏறி இறங்கித் தேய்ந்த தடத்தில், முதலில் வழியும். மண் கரைமேல் நீர் வழிய ஆரம்பித்தால் அறுத்துக்கொண்டு போக அதிக நேரம் ஆகாது. எனவே கரை பலப்படுத்தும் வேலையைத் தொடங்குமுன் நீர் நிரப்பிய மட்டக்குழாய் பிடித்து, கரையின் தாழ்ந்த இடங்களைக் கலுங்கு மட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முக்கியம். முழுக் கரையிலும் ஒரு கூடை மண் போடுவதைவிட அந்த இரண்டு மூன்று பள்ளங்களை நிரப்பிக் கெட்டிப்படுத்துவது மேல்.

வழியாமலே உடையும் கரைகளும் உண்டு. எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் விட்ட துளை, மடைக் குழாயை ஒட்டிய இடைவெளி ஆகியவை வழியாக உள்ளிருந்து நீர் கசிந்து வெளிச்சரிவில் ஊற்றெடுக்கும். தெளிந்த நீர் கசிந்தால் குச்சி நட்டு அடையாளம் வைத்து மணிக்கு ஒரு முறை பாருங்கள். கலங்கிய நீர் மணலோடு வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று பொருள். அப்போது எல்லோரும் செய்வது, வெளியே வரும் துளையில் சாக்கைத் திணிப்பது. செய்யவே கூடாது. அழுத்தம் குறையாது, நீர் பக்கத்திலேயே இன்னொரு வழி தேடும், கரை இன்னும் ஊறும். ஊற்றைச் சுற்றி மூன்று நான்கு அடி விட்டத்தில் மண் மூட்டைகளால் கிணற்று உறைபோல் வட்டம் கட்டி, உள்ளே நீரைத் தேங்கவிடுங்கள். உள்மட்டம் உயர உயர வெளியே தள்ளும் வேகம் குறையும், மண் வருவது நிற்கும். கலங்கல் தெளியும் உயரம் வரை கட்டினால் போதும். மேலே ஒரு மூட்டை அளவு வழி விட்டு, தெளிந்த நீரைக் கரையிலிருந்து தள்ளிப் போக விடுங்கள். நீர்ப்பக்கத்தில் உறிஞ்சும் துளை கண்ணில் பட்டால் வைக்கோலும் களிமண்ணும் சேர்த்து அடைக்கலாம், ஆனால் இடுப்பில் கயிறு கட்டாமல் யாரும் இறங்கக் கூடாது.

மூட்டைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 50 கிலோ சிமெண்ட் சாக்கில் பாதிதான் நிரப்ப வேண்டும், சுமார் 25 கிலோ வரும். முழுக்க நிரப்பினால் உருண்டு நிற்கும், இடைவெளியில் நீர் புகும். கீழே மூன்று, அதற்கு மேல் இரண்டு, உச்சியில் ஒன்று என்று செங்கல் கட்டுபோல் மூட்டு மாற்றி அடுக்கினால் ஒரு அடி உயரம் கிடைக்கும். பத்தடி நீளத்துக்கு சுமார் 40 சாக்கு. 100 அடிக்கு 400. ஒரு யூனிட் (100 கன அடி) கிராவலில் 160 சாக்கு நிரப்பலாம், ஆக மூன்று யூனிட் தேவை. மழை வந்த பிறகு கிராவல் லாரி கரைமேல் ஏறாது, சக்கரம் புதைந்து கரையும் கெடும். கலுங்குக்குப் பக்கத்து மேட்டில் முன்கூட்டியே குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, சாக்கும் சணலும் மண்வெட்டியும் எந்த வீட்டில் இருக்கின்றன என்று எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

ஊருக்குள் வந்தால் பெரிய ஆபத்து சுவர். தொடர் மழையில் மண் சுவர் வீடு விழுவது எல்லா ஊருக்கும் பொது. நமக்குக் கூடுதலாகப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் இருக்கின்றன. வளவை, அதாவது நடுவில் உள்ள திறந்த முற்றத்தை, சுற்றிய கூரை உள்பக்கம் வடிக்கும் பரப்பு 500 சதுர மீட்டர் என்றால் 10 செ.மீ. மழையில் 50,000 லிட்டர் வளவுக்குள் விழும். அது தரைக்கடியில் உள்ள வடிகால் வழியாகத் தெருவுக்குப் போய் ஊருணி சேரும்படி கட்டியிருக்கிறார்கள். வடிகாலில் இலை அடைத்தால் அவ்வளவும் உள்ளே தேங்கி, அஸ்திவாரத்தில் இறங்கிச் சுண்ணாம்புக் கட்டுமானத்தை ஊறவைக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் ஊராட்சியில் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சந்தில் தனியாக நிற்கும் சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். உச்சி விளிம்பு சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே தள்ளியிருந்தால் அந்தச் சந்துக்குள் யாரும் போகாமல் அடைத்துவிடுவது நல்லது. தடுப்பு, சுவரின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் இருக்கட்டும். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பதால் நோட்டீஸ் கொடுக்க முடியவில்லை என்பதே வழக்கமான பதில். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, பேரிடர் சமயத்தில் பொதுமக்களுக்கு ஆபத்தான கட்டடத்தை இடிக்க ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. பழமையான வீடுகள் போவது மனசுக்குக் கஷ்டம்தான். அதனால்தான் சாய்ந்த பிறகு இடிப்பதைவிட வடிகாலைத் தூர்வாருவதை வற்புறுத்துகிறேன்.

நிவாரண முகாமுக்கு நம்மிடம் இடப் பஞ்சம் இல்லை. பள்ளி, கல்யாண மண்டபம், நகரத்தார் விடுதி எல்லாம் உண்டு. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், குடிக்க நாளுக்கு 3 லிட்டர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் குறைந்தபட்ச அளவு. 200 பேருக்கு 700 சதுர மீட்டரும் ஏழு கழிப்பறைகளும் வரும். மண்டபத்தில் போதாமல் போவது பெரும்பாலும் கழிப்பறைதான். மேல்நிலைத் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற அளவில் வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். போன வருஷம் பிரித்த மூட்டை வீரியம் இழந்திருக்கும். கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. அழைத்து "கண்மாய் உடையப் போகுது" என்று மட்டும் சொன்னால் அங்கிருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. வருவாய்க் கிராமத்தின் பெயர், கண்மாய் பெயர், எந்த மடைக்குப் பக்கம், நீர் தெளிவா கலங்கலா, கீழே எத்தனை வீடு, எந்த வழியாக ஜேசிபி வர முடியும் என்று சொல்லுங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் 94987 94987. அறுந்த கம்பி கிடக்கும் நீரில் கால் வைக்காதீர்கள்.

சேதம் நடந்துவிட்டால் பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வரும். 2022 முதல் 2026 வரைக்கான விதிமுறையில் உயிரிழப்புக்கு 4 லட்சம், கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, குடிசைக்கு 8,000 ரூபாய் என்று இருந்தது. பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, அதுவும் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால். பயிர் அழுகிக் கிடக்கும்போதே கிராம நிர்வாக அலுவலரையும் உதவி வேளாண் அலுவலரையும் வயலுக்கு அழைத்துக் கணக்கெடுக்க வையுங்கள், நீர் வடிந்து உழுத பிறகு கேட்டால் பதிவாகாது. இறந்த மாட்டைக் காது வில்லை எண் தெரியப் படம் எடுங்கள். கால்நடை மருத்துவர் வந்து பரிசோதித்துச் சான்று தரும்வரை புதைக்காதீர்கள்.