பயிற்சி கொஞ்சம், தூரம் 54 மைல்

லண்டனுக்கு வந்த புதிதில் எனக்கு வியப்பாக இருந்தது இதுதான்: அலுவலகத்தில் எப்போதும் யாராவது ஒருவர் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஓடுவார், நீந்துவார், மலை ஏறுவார். மின்னஞ்சல் வரும், நாமும் ஐந்தோ பத்தோ பவுண்டு போடுவோம். இந்த வருஷம் மின்னஞ்சல் அனுப்பும் முறை என்னுடையது. இதய நோய்க்கான தொண்டு நிறுவனமான பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் ஜூன் மாதம் நடத்தும் லண்டன்–பிரைட்டன் சைக்கிள் பயணம். ஏறக்குறைய 87 கிலோமீட்டர்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேலைக்குச் சைக்கிளில் போவது, மழை விட்ட ஞாயிறுகளில் ரிச்மண்ட் பார்க்கைச் சுற்றுவது, அவ்வளவுதான். அங்கே ஒரு சுற்று ஏழு மைல் வரும். மான் கூட்டம் சாலையைக் கடந்தால் அது முடியும்வரை நிற்க வேண்டும், மூச்சு வாங்க நல்ல சாக்கு.

பயிற்சி குறைந்தவருக்குக் கால்களைவிட முதலில் மக்கர் செய்வது உட்காரும் இடம். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடக்கூடாது. தையல் உரசித் தோல் புண்ணாகிவிடும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை, கேட்கவும் கூச்சம். சீட் உயரத்தையும் பார்த்துவிடுவது நல்லது: பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். தாழ்வாக இருந்தால் முழங்கால் வலி நிச்சயம்.

இனி டிட்ச்லிங் பீக்கன். பிரைட்டனை நெருங்கும் நேரத்தில், கால் ஓய்ந்த பிறகு வரும் ஏற்றம் அது. உச்சி 248 மீட்டர். பாதிப் பேர் இறங்கித் தள்ளுவார்கள் என்றார்கள். சரி, நானும் தள்ளப்போகிறேன், அதில் என்ன கௌரவக் குறைச்சல்?

பணம் கேட்பதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. பத்து பவுண்டு தருபவர் இங்கே வரி கட்டுபவராக இருந்து, கிஃப்ட் எய்ட் கட்டத்தில் டிக் போட்டால், அரசாங்கம் இன்னும் இரண்டரை பவுண்டு சேர்த்து அந்த நிறுவனத்துக்குத் தரும். இதைச் சொல்லிக் கேட்பது கொஞ்சம் சுலபம். வானிலையைத் தாண்டிப் பேசியிராத பக்கத்து வீட்டு அம்மா, இதய நோய்க்கான நிதி என்றதும் வாசல் கேட் அருகே நின்று கணவருடைய பைபாஸ் அறுவை சிகிச்சையைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். காசோடு, கணவர் பயன்படுத்திய காற்றடிக்கும் பம்பையும் கொண்டுவந்து கொடுத்தார். பிடியில் சுற்றிய டேப் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது, ஆனால் டயருக்கு நன்றாகவே காற்று ஏறுகிறது.

அப்புறம், திரும்பி வருவது. அன்றைக்குப் பிரைட்டனிலிருந்து ரயிலில் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். ஆளுக்குப் பேருந்து, சைக்கிளுக்கு லாரி என்று முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். நான் பயிற்சியைத் தொடங்கும் முன்பே அந்த டிக்கெட்டை வாங்கிவிட்டேன்.