‘வெறும் ஃபால்ட்’ என்று ஒன்று கிடையாது

தீ எச்சரிக்கைப் பேனலில் ‘ஃபால்ட்’, அதாவது பழுது, என்று மஞ்சள் விளக்கு எரிவதைச் சுட்டிக்காட்டினால், கஞ்சிக்கோடு, வாளையாறு பக்கத்து ஆலைகளில் நான் வழக்கமாகக் கேட்கும் பதில், “ஃபயர் இல்லீங்க, வெறும் ஃபால்ட்டுதானுங்க” என்பதுதான். பஸ்ஸரை அணைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த ‘வெறும்’ என்பதோடுதான் எனக்கு வழக்கு.

சிவப்பு விளக்கு தீயையோ புகையையோ கண்டதாகச் சொல்கிறது. மஞ்சள் விளக்கோ, தீ பிடித்தால் அதை அறிவிக்கத் தன்னால் முடியாமல் போகலாம் என்று சொல்கிறது. பொய் அலாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தீயையும் புகையையும் உணரும் கருவியான டிடெக்டர் தூசியாலோ நீராவியாலோ ஏமாந்தால், அப்போது எரிவதும் சிவப்பு விளக்கே.

பழைய வகைப் பேனலில் ஒரு சோனின், அதாவது கட்டடத்தின் ஒரு பகுதியின், டிடெக்டர்கள் யாவும் ஒரே ஜோடிக் கம்பியில் வரிசையாக இருக்க, கடைசிக் கருவியில் சிறிய ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அதன் வழியே மிகக் குறைந்த மின்னோட்டம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் கம்பி எங்கோ அறுந்துவிட்டது என்று பேனல் கண்டுகொள்ளும். பெயின்ட் அடிக்க வந்தவர் கூரையிலிருந்து ஒரு டிடெக்டரைக் கழற்றி வைத்தாலும் இதுவே நேரும். பெரும்பாலான அமைப்புகளில், அதற்கு அப்பால் உள்ளவை அனைத்தும் செயலற்று நிற்கும். பேட்டரி சோர்ந்தாலும், சைரனுக்குச் செல்லும் கம்பி அறுந்தாலும் மஞ்சள் விளக்குத்தான். மழைக்காலத்தில் ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் இறங்கி, மின்சாரம் தரைக்குக் கசியும் எர்த் ஃபால்ட் காட்டுவது எங்கள் பக்கத்தில் ஆண்டுதோறும் நடப்பது. கம்பி அறுவது போன்ற பழுதை 100 நொடிக்குள் பேனல் அறிவிக்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரமான இஎன் 54. அமெரிக்காவில் இதையே ‘ட்ரபிள்’ என்பார்கள்.

பஸ்ஸரை நிறுத்துவது குற்றமல்ல. ஒலி அடங்கினாலும் பழுது தீரும்வரை விளக்கு எரியும். அதையும் அணைக்க ஒரு குறுக்குவழி உண்டு என்பதுதான் என் அச்சம். கம்பியைக் கழற்றிவிட்டு, கடைசி டிடெக்டரில் இருக்க வேண்டிய ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே பொருத்திவிடுவார்கள். பேனல் ‘நார்மல்’ என்று காட்டும்; பஞ்சுக் கிடங்கின் டிடெக்டர் ஒன்றுகூட அதனோடு இணைந்திருக்காது. ஆகவே சோதனைக்குப் போகும்போது, ஒவ்வொரு சோனிலும் கடைசி டிடெக்டரைக் கழற்றி, மஞ்சள் விளக்கு வருகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.