பென்சில் கோடு

காலையில் மகனிடம் கத்திவிட்டு, அந்தச் சூட்டோடு வேதாகமத்தைத் திறந்தேன்.

ரோமர் 12:2. ஓரத்தில் என் கையெழுத்து: "இனி கோபப்பட மாட்டேன்."

கீழே மூன்று தேதிகள், மூன்றும் வெவ்வேறு வருடம். மூன்றாவதில் பென்சில் முனை தாளையே கிழித்திருக்கிறது. அவ்வளவு வைராக்கியம்!

"மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்கிறார் அந்த வசனத்தில், ரோமருக்கு அந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல். கிரேக்க மூலத்தில் அந்த வினை செயப்பாட்டு வினை, அதுவும் நிகழ்காலத்தில். என்னை நானே மாற்றிக்கொள்வது அல்ல, மாற்றப்பட இடம்கொடுப்பது. ஒரே நாளில் அல்ல, தொடர்ந்து. மத்தேயு 17:2-இல் மலைமேல் இயேசு மறுரூபமானதற்கும் இதே சொல்தான்.

நானோ இத்தனை வருடமாகப் பென்சிலை அழுத்திக்கொண்டிருந்தேன்.

நான்காவது தேதி எழுதவில்லை. எழுந்துபோய் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"சரிப்பா" என்றான், தலையை நிமிர்த்தாமலே.