ட்ரயலுக்குப் போறவை, வருத்தக்காரரையும் கையோட கூட்டிக்கொண்டு போங்கோ

தம்பிக்கு ஏப்ளாஸ்டிக் அனீமியா, எலும்புக்குள்ள இருக்கிற மச்சை போதிய ரத்தத்தை உண்டாக்காத வருத்தம். வீட்டில இந்த வருத்தம் இருக்கிற ஆக்களுக்கு மிச்சம் விளங்கும். மச்சை மாத்தலாமோ எண்டு என்ர ரத்தத்தைப் பாத்தவை, பொருந்தேல்ல. ஒரு சகோதரம் முழுசாப் பொருந்த 25 வீதம்தான் சான்ஸ், எங்கட வீட்டில மிஞ்சினது நானும் அவனும் மட்டும்தான். பிறகு டொக்டர்தான் கொழும்பில புது மருந்தை வருத்தக்காரருக்குக் குடுத்துப் பரிசோதிக்கிற ட்ரயல் ஒண்டு நடக்குது, போய்க் கேளுங்கோ எண்டு துண்டு எழுதித் தந்தவர்.

அண்டைக்கு அவனுக்கு ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் 9,000தான், சரியான குறைவு. கிளிநொச்சியில இருந்து இரவு பஸ்ஸில குலுங்கிப் போய் எங்கயும் இடிபட்டால் ரத்தம் நிக்காது எண்ட பயத்தில, அவனை விட்டிட்டு நான் மட்டும் பைலைத் தூக்கிக்கொண்டு போனன். விடிய இறங்கி வரிசையில நிண்டு 11 மணிக்குத்தான் கூப்பிட்டது, அந்த கிளாக் பைலைத் திறக்கவே இல்ல, சிங்களத்தில என்னவோ சொன்னா, விளங்கேல்ல எண்ட இன்னும் சத்தமாச் சொன்னா. பக்கத்தில நிண்ட மலையகத்து அக்கா ஒராள்தான் "நோயாளி நேருல வரணுமாம் தம்பி, அவருதான் சைன் வைக்கணுமாம்" எண்டு சொன்னவ. 18 வயசு தாண்டினால் சம்மதப் பத்திரத்தில அவரவர்தான் சைன் வைக்கோணும், சரியான விதிதான். ஆனா முதல் நாள் ரெண்டு தரம் போன் எடுத்தனான், "பைலோட வாங்கோ" எண்டு மட்டும்தானே சொன்னவை. போக வர 600 கிலோமீற்றருக்கு மேல, சும்மா.

அடுத்தமுறை பிளேட்லெட் ஏத்தின மற்ற நாளே வான் பிடிச்சு அவனையும் கொண்டு போனன். மச்சை றிப்போட் பழசாம், திரும்பவும் இடுப்பெலும்பில ஊசி, பாவம் அவன். பிறகு நேர்ஸ் முதல்முதல் எப்ப ரத்தம் ஏத்தினது எண்டு கேட்டா. 2009 இல, கடைசிச் சண்டை நேரம் புதுமாத்தளனில, செல் விழுந்த காயத்துக்கு, அப்ப அவனுக்குப் பத்து வயசு. ரத்தம் ஏத்தின காட் இருக்கோ எண்டா. உடுத்த உடுப்போட வந்த சனத்திட்ட காட் எங்க இருக்கும், எனக்குக் கதைக்க ஏலாமல் போச்சு. அங்க நிண்ட டொக்டர்தான் "நினைவில இருக்கிறதைச் சொல்லுங்கோ, பேப்பர் இல்லையெண்டு நான் எழுதுறன்" எண்டு தன்ர கையாலயே எழுதினவர். அந்த மனிசன் நல்லா இருக்கோணும்.

சம்மதப் பத்திரம் இங்கிலிசில நீட்டினவை. தமிழில தாங்கோ, வாசிச்சிட்டுத்தான் சைன் எண்டு நிண்டன், கடைசியில லாச்சிக்குள்ள இருந்து தமிழ்ப் பிரதி வந்தது! நீங்களும் விடாதேங்கோ, அதில எல்லாம் கிடக்கு. புது மருந்து கிடைக்குமோ இந்த வருத்தத்துக்கு வழமையாக் குடுக்கிற ஏ.ரி.ஜி. எண்ட ஏத்துற மருந்தும் சைக்ளோஸ்போரினும் மட்டும்தானோ எண்டதை கொம்பியூட்டர்தான் பிரிக்கும், டொக்டரிட்ட கெஞ்சிப் பிரயோசனம் இல்ல. எப்ப வேணுமெண்டாலும் விலகலாம், விலகினதுக்காக வழமையான வைத்தியத்தை அவை நிப்பாட்டேலாது.

இன்னொண்டு, ஏ.ரி.ஜி. ஏத்தின ஆக்களைக் கன ட்ரயலில எடுக்க மாட்டினம், அதால வைத்தியம் துவங்க முதலே ட்ரயல் இருக்கோ எண்டு டொக்டரிட்ட கேளுங்கோ. ஆனா ட்ரயலுக்காகக் காத்திருந்து வைத்தியத்தைப் பிந்த விடாதேங்கோ, குடிக்கிற மருந்தை நீங்களா நிப்பாட்டவும் வேண்டாம். ட்ரயல் எண்டு சொல்லி முதல்லயே காசு கேட்டால் உங்கட டொக்டரிட்டக் காட்டாமல் ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

போன புதன்கிழமை தம்பி தானே சைன் வச்சவன். அடுத்த தவணை 14ம் திகதி, வான்காரனுக்கு இப்பவே சொல்லி வச்சிட்டன்.